மகான்களின் முதல் ஞாபகம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் மனநல ஆலோசகர். காட்பாடியிலும் வேலூரிலும் ஆன்மிகப் பெரியவர்களின் வாழ்க்கை வரலாறுகளைச் சேர்ந்து படித்துப் பேசும் கூட்டங்களையும் நடத்தி வருகிறேன். கோயில் மண்டபமோ, சர்ச் வளாகமோ, கல்லூரி வகுப்பறையோ, பெரியவர் ஒருவரின் முதல் ஞாபகத்தை எடுத்துப் பேசியதுமே அதே சந்தேகங்கள் வருகின்றன. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதி, கீழே பதில் கொடுத்திருக்கிறேன். பின்னால் வரும் சில பதில்கள் முன்னால் சொன்னதை வைத்துப் பேசுவதால், மேலிருந்து படித்து வருவது நல்லது.

"முதல் ஞாபகம்னா எது மேடம்? பொறந்ததுல இருந்து யோசிச்சுக் கண்டுபிடிக்கணுமா?"

கண்டுபிடிக்க வேண்டியதில்லை. எவ்வளவு தூரம் பின்னால் போக முடியுமோ அவ்வளவு போய்ப் பாருங்கள். தானாக ஒரு காட்சி வந்து நிற்கும். ஒரு நாள், ஒரு இடம், நடந்த ஒரு விஷயம், அப்போது மனதில் இருந்த உணர்ச்சி. இவ்வளவும் இருந்தால் அது ஞாபகம். "சின்ன வயசுல வெள்ளிக்கிழமை தோறும் கோயிலுக்குப் போவோம்" என்பது தகவல். "ஒரு வெள்ளிக்கிழமை கோயில் குளத்தில் என் செருப்பு ஒன்று மிதந்து போனது, நான் அழாமல் பார்த்துக்கொண்டு நின்றேன்" என்பது ஞாபகம்.

பெரும்பாலானவர்களுக்கு மூன்று, மூன்றரை வயதை ஒட்டித்தான் முதல் ஞாபகம் அமைகிறது. அதற்கு முந்தையது அநேகமாகத் தங்குவதில்லை. சரியான வயதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். நினைவில் முதலாவதாக நிற்பது எது என்பதுதான் முக்கியம்.

"இது ஃப்ராய்டு சொன்னதா?"

ஃப்ராய்டும் குழந்தைப் பருவ நினைவுகளைப் பற்றி 1899லேயே எழுதியிருக்கிறார். ஆனால் அவர் பார்வையில் அந்த நினைவு ஒரு மூடுதிரை. அதற்குப் பின்னால் வேறு ஏதோ ஒளிந்திருக்கும். நான் பின்பற்றுவது ஆல்ஃப்ரெட் அட்லரின் வழி. வியன்னாவைச் சேர்ந்த மருத்துவர், 1870ல் பிறந்தவர், 1911ல் ஃப்ராய்டை விட்டுப் பிரிந்தவர். தற்செயலாக எந்த ஞாபகமும் தங்குவதில்லை என்பது அவர் கருத்து. கணக்கில்லாத அனுபவங்களில் ஒன்றை மட்டும் மனம் வைத்துக்கொண்டிருக்கிறது என்றால், வாழ்க்கையை அந்த மனிதர் இன்று எப்படிப் பார்க்கிறாரோ அதற்கு அது ஒத்துப்போகிறது.

அட்லருக்கே அப்படி ஒரு ஞாபகம் உண்டு. எலும்பு வலுவிழக்கும் ரிக்கெட்ஸ் நோயால் உடம்பில் கட்டுப் போட்டு அவரைப் பெஞ்சில் உட்கார வைத்திருக்கிறார்கள். எதிரே அண்ணன் ஓடிக் குதித்து விளையாடுகிறான். பின்னாளில் அவர் பெயரோடு சேர்ந்தே பேசப்பட்ட தாழ்வு மனப்பான்மை என்ற கருத்தை அந்தப் பெஞ்சோடு சேர்த்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

"எல்லாருக்கும் ஞாபகம் இருக்கு. மகான்களோடதை மட்டும் ஏன் எடுத்துப் பேசறீங்க?"

ஒருவர் உலகத்தைப் பார்க்கிற பார்வை அவர் வீட்டோடு நின்றுவிட்டால் அது அவர் குடும்ப விஷயம். குருவின் பார்வை அப்படி நிற்பதில்லை. எதைச் சாப்பிடுவது, எப்படிக் கல்யாணம் செய்வது, சாவை எப்படி எதிர்கொள்வது என்று ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அதை வைத்து முடிவெடுக்கின்றன. அந்தப் பார்வை எந்த மண்ணில் வேர் பிடித்தது என்று தெரிந்துகொள்வது பின்பற்றுகிறவர்களுக்கு நல்லது.

இன்னொரு வசதியும் உண்டு. சாதாரண மனிதரின் ஞாபகத்தை அவர் வாழ்க்கையோடு ஒப்பிட நமக்குத் தகவல் கிடைக்காது. பெரியவர்களின் பேச்சும் செயலும் பதிவாகியிருக்கின்றன. நாம் சொல்கிற அர்த்தம் தப்பென்றால் அவர்கள் வாழ்க்கையே அதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

"காஞ்சிப் பெரியவர் மரநாய் கதை ஒண்ணு சொல்லியிருக்காராமே? அதுல என்ன பெரிசா இருக்கு?"

வட ஆற்காட்டுக்காரர்களுக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. 1894ல் விழுப்புரத்தில் பிறந்த சந்திரசேகரேந்திர சரஸ்வதி சுவாமிகள், தன் வாழ்க்கை தனக்குக் கற்றுக்கொடுத்ததைப் பற்றிய கட்டுரை ஒன்றில் இதைச் சொல்கிறார். அவருக்கு மூன்று நான்கு வயது. மரநாய் ஒன்று ராத்திரியில் எப்படியோ வீட்டு அறைக்குள் புகுந்துவிட்டது. உறியில் கழுத்துக் குறுகிய சின்னச் செப்புப் பாத்திரம், உள்ளே வெல்லம். தலையை விட்ட மரநாயால் திரும்ப எடுக்க முடியவில்லை. பாத்திரம் மாட்டிய தலையோடு இரவெல்லாம் அறைக்குள் ஓடுகிறது. திருடன் என்று நினைத்து வீட்டாரும் அக்கம்பக்கத்தாரும் விழித்துக் கிடக்கிறார்கள். விடிந்ததும் தைரியசாலிகள் சிலர் தடியோடு கதவைத் திறந்து, பிராணியைக் கயிறு போட்டுத் தூணில் கட்டி, இழுபறி நடத்திப் பாத்திரத்தைக் கழற்றுகிறார்கள்.

இதில் யார் எங்கே நிற்கிறார்கள் என்று பாருங்கள். அந்த வயதுக் குழந்தைக்கு இருட்டும் சத்தமும் பயமாக மட்டும் நினைவிருந்திருக்கலாம். அம்மா மடியில் ஒண்டிக்கொண்டது நினைவிருந்திருக்கலாம். இவருக்கு நின்றதோ மாட்டிக்கொண்ட ஜீவனின் தவிப்பும், அதனால் ஒரு தெருவே தூக்கத்தைத் தொலைத்ததும்தான். பேராசையின் விளைவைத் தன் கண்ணால் பார்த்த முதல் அனுபவம் என்கிறார். பிராணியை அவர் திட்டவும் இல்லை. அது எங்கேயாவது சுதந்திரமாகத் திரியும்படி விடப்பட்டிருக்கும் என்று தான் நினைப்பதாக எழுதுகிறார். விட்டதை அவர் பார்க்கவில்லை. பார்க்காத முடிவை இரக்கத்தோடு முடித்துக்கொள்கிறது அந்த மனம். எனக்கு அந்தக் கட்டுரையில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

இனி அவர் வாழ்க்கைக்கு வாருங்கள். பட்டு வேண்டாம், காப்பி வேண்டாம், வரதட்சணை வேண்டாம் என்று ஓயாமல் சொன்னவர். உலை வைக்கும் முன் ஒரு பிடி அரிசியை அடுத்தவருக்காக எடுத்து வைக்கச் சொன்ன பிடி அரிசித் திட்டம் அவருடையது. ஆசையைக் குறைத்துக்கொள்வது உன் ஒருவனின் மோட்சத்துக்காக மட்டுமல்ல, பக்கத்து வீட்டுக்காரனுக்காகவும்தான் என்பது அவர் உபதேசம் முழுவதும் ஓடுகிறது. ஒரு வெல்லப் பாத்திரத்தால் தெருவே விழித்திருந்த இரவில் இந்த இரண்டும் இருக்கின்றன.

"அப்போ வளையல் கதை? அதுல ஏமாந்துதானே போனாரு குழந்தை?"

தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். அதே கட்டுரையில் அடுத்ததாக வருவது. குழந்தை வீட்டில் தனியாக இருக்கிறது, கையில் சின்னத் தங்க வளையல்கள். யாரோ ஒருவன் உள்ளே வருகிறான். கொக்கி தளர்ந்திருக்கிறது, சரிசெய்து சீக்கிரம் கொண்டு வா என்று குழந்தையே அதிகாரமாக அவனிடம் உத்தரவு போடுகிறது. பெயரையும் கேட்கிறது. பொன்னுசாமி என்று சொல்லிவிட்டு அவன் வளையலோடு போய்விடுகிறான். வேலை சுலபமாக முடிந்ததே என்ற சந்தோஷத்தில் குழந்தை உள்ளே ஓடிப் பெரியவர்களிடம் சொல்கிறது.

ஏமாந்தது உண்மை. ஆனால் ஞாபகத்தில் எந்த உணர்ச்சி இருக்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். அங்கே அழுகை இல்லை, திருடன் மேல் கோபம் இல்லை. பதறியதெல்லாம் பெரியவர்கள். இதை மரநாய் ஞாபகத்தின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அங்கே வெல்லத்தை விடாமல் தலையைக் கொடுத்த ஜீவன் இரவெல்லாம் தவித்தது. இங்கே தங்கத்தைக் கழற்றிக் கொடுத்த குழந்தை துள்ளிக்கொண்டு ஓடுகிறது. இப்படி இரண்டு ஞாபகங்கள் ஒரே திசையில் போகும்போது என் நம்பிக்கை கூடுகிறது.

"கலவைக்கு வண்டியில வந்ததையும் இதுல சேர்த்துக்கலாமா?"

முதல் ஞாபகம் என்று சேர்க்க முடியாது. அப்போது, துறவுக்கு முன் சுவாமிநாதன் என்ற பெயரில் இருந்த அந்தப் பையனுக்குப் பன்னிரண்டு வயது, திண்டிவனத்தில் ஆற்காடு அமெரிக்க மிஷன் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தவன். ஆனால் அதே கட்டுரையில் அதையும் அவரே சொல்வதால், மற்ற இரண்டையும் சரிபார்க்க அது உதவும். இப்போது ராணிப்பேட்டை மாவட்டத்தில் இருக்கும் கலவையில் காஞ்சி மடத்தின் 66ஆவது பீடாதிபதி மறைந்தார். பெரியம்மா மகனான அண்ணன் 67ஆவது பீடாதிபதியாகிச் சில நாட்களிலேயே அவரும் போனார். தாயைவிட்டுப் பிரித்து வண்டியில் ஏற்றிக் கொண்டுவரும் வழியில்தான், இனி வீடு திரும்ப முடியாமல் போகலாம் என்று பையனுக்குத் தெரிகிறது. அவனுக்கு வாயில் வந்தது ராம நாமம் ஒன்றுதான். 1907 பிப்ரவரி 13ல் 68ஆவது பீடாதிபதியானார்.

வளையல் ஞாபகத்தில் உத்தரவு போட்ட குழந்தையை இங்கே யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இந்த வேறுபாட்டையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். ஆனாலும் கையில் இருந்தது போவது, போனதைப் பற்றிப் புலம்பாமல் இருப்பது, இரண்டும் திரும்ப வருகின்றன. கலவைக்குப் போகிறவர்கள் அங்கே அந்த இரண்டு பீடாதிபதிகளின் அதிஷ்டானங்களையும், அதாவது சமாதிகளையும், பார்க்கலாம். அடுத்தடுத்து நடந்த இரண்டு மரணங்களுக்கு நடுவே ஒரு சிறுவன் வந்து இறங்கிய இடம் அது என்ற நினைப்போடு போங்கள்.

"சேஷாத்ரி சுவாமிகள் தொட்ட பொம்மையெல்லாம் வித்துப்போச்சாம், தங்கக்கைன்னு பேராம். அதை வச்சு அவரைப் புரிஞ்சுக்கலாமா?"

அது அவர் சொன்ன ஞாபகமல்ல, அவரைப் பற்றி மற்றவர்கள் சொன்னது. நான்கு வயதில் காஞ்சிபுரத்துத் திருவிழாவில் அவர் கை பட்ட கடையில் கிருஷ்ணர் பொம்மைகள் அத்தனையும் விற்றுப்போயின என்று பக்தர்கள் சொல்லி வருகிறார்கள். அந்தக் குழந்தை அன்று என்ன பார்த்தது, என்ன நினைத்தது என்பது அதில் இல்லை. திருவண்ணாமலைக் கடைத்தெரு அவரை எப்படிப் பார்த்தது என்பது இருக்கிறது. பின்னாளில் அவர் நுழைந்தால் வியாபாரம் பெருகும் என்று கடைக்காரர்கள் காத்திருந்தார்கள் அல்லவா. அதற்கு அது நல்ல சான்று, அவர் மனதுக்கு அல்ல.

"நம்ம வாரியார் சுவாமிக்கு அஞ்சு வயசுல லிங்கதாரணம் ஆச்சே, அது?"

காங்கேயநல்லூரில் 1906ல் பிறந்த கிருபானந்த வாரியாரைப் பற்றி இந்தப் பக்கத்தில் கேட்காத கூட்டம் இல்லை. கழுத்தில் சிவலிங்கம் அணிவிக்கும் சடங்கான லிங்கதாரணம் வாழ்க்கைக் குறிப்பில் வரும் நிகழ்ச்சி. அன்று அவருக்குள் என்ன பதிந்தது என்பதை அவர் வாய்மொழியாகச் சொன்னால்தான் அது ஞாபகம். முதல் கேள்விக்குச் சொன்ன தகவல், ஞாபகம் என்ற வித்தியாசம் இங்கேயும் பொருந்தும்.

"வள்ளலாரைப் பத்திச் சொல்றாங்களே, அஞ்சு மாசக் குழந்தையா சிதம்பரத்துல ரகசியத்தைப் பார்த்தாருன்னு. அஞ்சு மாசத்துல ஞாபகம் இருக்குமா?"

ஐந்து மாதம் என்ற கணக்கு வாழ்க்கை வரலாறுகளில் வருவது. அவர் பாட்டில் சொல்வது, தாய் முதலானவர்களோடு சிறிய பருவத்தில் தில்லைக்குப் போனபோது திரை தூக்கப்பட்டதும் எல்லாம் வெளியாகத் தெரிந்தது என்பது. முதல் கேள்வியில் சொன்னபடி பார்த்தால் ஐந்து மாத நினைவு தங்குவது அரிது. வீட்டில் திரும்பத் திரும்பச் சொல்லக் கேட்டு மனதில் காட்சியாகப் படிந்திருக்கலாம். அவருடைய அடியவர்களுக்கு அது அருள் அனுபவம். அந்த விவாதத்துக்குள் நான் போவதில்லை, போகத் தேவையும் இல்லை.

ஏனென்றால் எனக்கு முக்கியம் அவர் எதைத் தேர்ந்தெடுத்துப் பாடினார் என்பது. கோயிலில் எத்தனையோ இருக்க, அவர் சொல்வது திரை விலகிய கணத்தை. அதற்குப் பிறகு வடலூருக்குப் போய்ப் பாருங்கள். அவர் கட்டிய சத்திய ஞான சபையில் ஏழு திரைகள். மாதப் பூசத்தில் ஆறு திரைகளை விலக்குகிறார்கள், தைப்பூசத்தில் ஏழையும் விலக்கி ஜோதி காட்டுகிறார்கள். 1872 ஜனவரி 25ல் தொடங்கியது இது. சாதி, சமயம், சாத்திரம் எல்லாம் உண்மையை மறைக்கிறவை, விலக்கினால் எல்லோருக்கும் ஒரே வெளிச்சம் என்று பாடியவர், அதைக் கும்பிடுகிற ஒவ்வொருவர் கண்முன்னும் நடத்திக் காட்ட ஏற்பாடு செய்துவிட்டார். ஒரு பால்ய ஞாபகம் இவ்வளவு முழுமையாக ஒரு வழிபாடாகவே மாறியதை நான் வேறெங்கும் கண்டதில்லை.

"ஞாபகமே பொய்யா இருந்தா? நாமளா கற்பனை பண்ணிக்கிட்டதா இருந்தா?"

நிறையவே நடக்கிறது. குழந்தை உளவியலில் பெரிய பெயரான ழான் பியாஜேவுக்குத் தள்ளுவண்டியில் தன்னை ஒருவன் கடத்த வந்ததும், தாதி போராடித் தடுத்ததும், அவள் முகத்துக் கீறலும் கண்ணில் நின்றன. அவருக்குப் பதினைந்து வயது இருக்கும்போது அந்தத் தாதி, தான் கட்டிவிட்ட கதை அது என்று ஒப்புக்கொண்டு, பரிசாகப் பெற்ற கடிகாரத்தைத் திருப்பிக் கொடுத்தாள். வீட்டில் சொல்லக் கேட்டதே காட்சியாகிவிட்டது.

அட்லரும் விதிவிலக்கில்லை. ஐந்து வயதில் பள்ளிக்குப் போகும் வழியில் ஒரு கல்லறைத் தோட்டம், மற்ற பிள்ளைகள் சாதாரணமாகக் கடக்க இவருக்கு மட்டும் பயம். பயம் தெளியும்வரை அதன் குறுக்கே திரும்பத் திரும்ப ஓடியதாக ஞாபகம். முப்பத்தைந்து வயதில் பழைய பள்ளித் தோழரிடம் கேட்டால், அங்கே கல்லறைத் தோட்டமே இருந்ததில்லை என்கிறார். ஆகவே ஒன்று நடந்ததா என்று நிரூபிக்க முதல் ஞாபகத்தை எடுத்துக்கொண்டு வராதீர்கள், அதற்கு அது உதவாது. ஆனால் சாவுக்கு அஞ்சிய, அந்த அச்சத்தை ஓடியே ஜெயிக்க நினைத்த ஒரு மனம் அந்தக் கற்பனைக்குள் அப்படியே இருக்கிறது.

"எல்லா மகான்களுக்கும் முதல் ஞாபகம் சோகமாவும் கஷ்டமாவும்தான் இருக்குமா?"

இல்லை. ராமகிருஷ்ண பரமஹம்சர் தன் சீடர்களிடம் சொன்னதைக் கேளுங்கள். ஆறேழு வயதில் வயல் வரப்பில் பொரி தின்றுகொண்டே நடக்கிறார். வானத்தில் கருமேகம் கவிந்து வருகிறது. அதன் மேல் வெள்ளைக் கொக்குக் கூட்டம் ஒன்று பறந்து போகிறது. அந்த அழகில் தன்னை மறந்து விழுந்துவிட்டார், பொரி வரப்பில் சிதறிக் கிடந்தது, யாரோ வீட்டுக்குத் தூக்கிப் போனார்கள். அவருக்குக் கடவுள் கடைசிவரை ஆனந்தமாகவே இருந்தார். பாட்டைக் கேட்டாலும் கூத்தைப் பார்த்தாலும் சமாதியில் ஆழ்ந்துவிடுவார். காஞ்சிப் பெரியவர் ஞாபகத்தில் வரும் குழந்தை நின்று கவனிக்கிறது, இந்தக் குழந்தை கரைந்துபோகிறது. இரண்டு பேரின் வழியும் அப்படித்தான் அமைந்தது.

"ஐடா அம்மா சின்ன வயசுல பஞ்சத்தைப் பார்த்ததாலதான் சிஎம்சி கட்டினாங்கன்னு சொல்றாங்க. சரியா?"

பாதி சரி. ஐடா ஸ்கடர் 1870ல் ராணிப்பேட்டையில் மிஷனரி மருத்துவர் குடும்பத்தில் பிறந்தவர். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை உலுக்கிய பெரும் பஞ்சத்தில், தானாகச் சாப்பிடக்கூடத் தெம்பில்லாத பிள்ளைகளின் வாயில் ரொட்டியைச் சின்னச் சின்னதாகப் பிட்டு ஊட்டினார் என்று அவர் வரலாற்றில் வருகிறது. அதைப் படித்ததும் அந்தப் பிஞ்சுக் கையையும் பின்னாளில் அவர் எழுப்பிய வேலூர் சிஎம்சி ஆஸ்பத்திரியையும் நேர்க்கோட்டில் இணைக்கத் தோன்றும்.

நடந்தது நேர்க்கோடு அல்ல. வளர்ந்த பெண்ணாக அவர் விரும்பியது இந்தியாவைவிட்டுப் போய் அமெரிக்காவில் வாழ்வதைத்தான். உடம்பு சரியில்லாத அம்மாவைக் கவனிக்கத் திண்டிவனம் வந்திருந்தபோது, ஒரே இரவில் மூன்று வீடுகளிலிருந்து ஆண்கள் வந்து, பிரசவ வேதனையில் இருக்கும் தங்கள் மனைவியைப் பார்க்க அழைத்தார்கள். தான் டாக்டரில்லை, அப்பா வருவார் என்றதற்கு, ஆண் மருத்துவர் பார்க்கக்கூடாது என்று மூவருமே மறுத்துவிட்டார்கள். விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்துபோயிருந்தார்கள். அதற்குப் பிறகுதான் மருத்துவம் படிக்கப் போனார், 1900ல் வேலூரில் ஒற்றைக் கட்டிலோடு தொடங்கினார். பஞ்சத்தின் ஞாபகம் முதலில் அவரை இந்த ஊரிலிருந்து விரட்டியிருக்கலாம், பிறகு அதே ஞாபகம் திரும்ப இழுத்துமிருக்கலாம். பால்யத்தில் ஒன்று நடந்தால் பிற்காலத்தில் இன்னதுதான் நடக்கும் என்று யாராவது சொன்னால் ஐடா அம்மாவைச் சொல்லி மறுத்துவிடுங்கள்.

"ரமணருக்கு மரண அனுபவம்தானே முதல் ஞாபகம்?"

இல்லை. அது 1896ல் மதுரையில், அவருடைய பதினாறாவது வயதில் நடந்தது. அவர் சொன்ன சிறுவயதுச் சேதிகளில் எனக்குப் பொருளுள்ளதாகப் படுவது அந்தத் தூக்கம். பகலில் அவர்மேல் கைவைக்கத் துணியாத பையன்கள், தூங்கும்போது தூக்கிக்கொண்டுபோய் இஷ்டத்துக்கு அடித்துவிட்டுத் திரும்பப் படுக்கவைத்துவிடுவார்களாம், இவருக்குத் தெரியவே தெரியாதாம். உடம்புக்கு நடப்பதும் தனக்கு நடப்பதும் ஒன்றல்ல என்று பிற்காலத்தில் போதித்தவர், இந்த ஞாபகத்தைத்தான் சிரித்துக்கொண்டே சொல்லிக்கொண்டிருந்தார். 1989 வரை வட ஆற்காட்டோடு இருந்த திருவண்ணாமலையில் அதைக் கேட்டவர்கள் எழுதி வைத்தது நம் பாக்கியம்.

"ஒரே ஞாபகத்துக்கு நீங்க ஒண்ணு சொல்றீங்க, நான் ஒண்ணு சொல்லலாமே? உங்களோடதுதான் சரின்னு எப்படி?"

என்னுடையதுதான் சரி என்று நான் சொல்வதில்லை. மரநாய் ஞாபகத்தை எடுத்துக்கொண்டு, பிராணிகள் மேல் இருந்த பயம் என்று ஒரு மாணவர் சொன்னார். அப்படியானால் அந்தப் பயம் அவருடைய வேறு ஞாபகத்தில் வர வேண்டும், வாழ்க்கையில் எங்காவது தலைகாட்ட வேண்டும். வரவில்லை. ஆசையும் அதன் விலையும் வருகின்றன. ஒற்றை ஞாபகத்தை வைத்துக்கொண்டு முடிவு சொல்கிறவரை நம்பாதீர்கள், நானாக இருந்தாலும். குறைந்தது இரண்டு மூன்று ஞாபகங்கள் வேண்டும், அவற்றுக்குப் பொதுவான ஓட்டம் வேண்டும், அந்த ஓட்டம் அவர் செய்த காரியங்களிலும் தெரிய வேண்டும்.

எனக்குச் சாதகமான ஒன்றை முன்பே தெரிந்துவைத்துக்கொண்டு ஞாபகத்தில் அதைத் தேடுகிற ஆபத்தும் இதில் உண்டு. பெரியவரின் உபதேசம் நமக்கு ஏற்கனவே தெரியும். அதனால் முதலில் ஞாபகத்தை மட்டும் படித்து அர்த்தத்தை எழுதிவைத்துவிட்டு, பிறகு வாழ்க்கை வரலாற்றைத் திறக்கும்படி கூட்டங்களில் சொல்கிறேன்.

"இப்படி ஆராய்ச்சி பண்றது மகான்களைச் சாதாரண மனுஷனாக்கிக் குறைக்கிறது இல்லையா அக்கா?"

இதைக் கேட்டவர் குடியாத்தத்திலிருந்து வரும் ஒரு அம்மா, கண்ணில் நீரோடுதான் கேட்டார். அந்த வருத்தத்தை நான் மதிக்கிறேன். ஞானம் எங்கிருந்து வந்தது என்று சொல்ல இந்த முறைக்கு அதிகாரம் கிடையாது. அருள் இறங்கியதா, பூர்வ புண்ணியமா, கர்த்தரின் அழைப்பா என்பதெல்லாம் அவரவர் நம்பிக்கை. வந்த ஞானம் எந்த மனிதரின் கண் வழியாக உலகத்தைப் பார்த்தது என்பதோடு இது நின்றுகொள்கிறது.

மேலும், ஞாபகத்தை நமக்குக் கொடுத்தவர்கள் அந்தப் பெரியவர்களே. மரநாயையும் வளையலையும் பெரியவர் மறைத்திருக்கலாம். நாலு பேர் படிக்கட்டும் என்று எழுதினார். எழுதியதை ஊன்றிப் படிப்பதும் ஒரு மரியாதைதான்.

"அப்போ இப்ப இருக்கிற சாமியார், போதகர் மேடையில சொல்ற சின்ன வயசுக் கதையை வச்சு அவங்களை எடை போடலாமா?"

வேண்டாம். மேடைக் கதை கேட்பவர்களுக்காகச் செதுக்கப்பட்டது. எத்தனையோ முறை சொல்லிச் சொல்லி மெருகேறியிருக்கும். மூன்று வயதிலேயே ஒளி தெரிந்தது, தெய்வம் பேசியது என்று ஒவ்வொரு காட்சியிலும் தானே கதாநாயகனாக இருந்தால் எனக்கு எச்சரிக்கை மணி அடிக்கும். காஞ்சிப் பெரியவரின் முதல் ஞாபகத்தில் அவர் பார்த்துக்கொண்டு நிற்பதோடு சரி, இரண்டாவதில் ஏமாறுகிறார். அந்த வித்தியாசத்தைக் கவனியுங்கள். ஆனால் அதை வைத்து மட்டும் யாரையும் நல்லவர், கெட்டவர் என்று தீர்ப்பு எழுதாதீர்கள். பணத்தையும் பெண்களையும் அவர் எப்படி நடத்துகிறார் என்று பார்ப்பது அதற்கு நேர்வழி.

"சந்நியாசி பூர்வாசிரமத்தைப் பத்திப் பேசக்கூடாதே? அப்புறம் எப்படி ஞாபகம் கிடைக்கும்?"

துறவு வாங்கியவர்களிடம் போய்ப் பிறந்த வீட்டுக் கதையைக் கேட்பது முறையல்ல. நானும் கேட்பதில்லை. அவர்களாக மனம் வந்து சொன்னதோ எழுதியதோ இருந்தால் மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். அப்படிச் சொல்லும்போது எதற்காகச் சொல்கிறார்கள் என்பதே பாதி விளக்கம். பெரியவர் தன் பெருமையைச் சொல்லவில்லை, வாழ்க்கை தனக்கு என்ன கற்றுக்கொடுத்தது என்று கேட்டதற்குப் பதிலாகச் சொன்னார். மற்றவர்களிடம், கேட்டுக் கிடைக்காவிட்டால் விட்டுவிடுங்கள்.

"எங்க ஊர் பெரியவர் ஒருத்தர்கிட்ட கேட்டு எழுதி வைக்கலாம்னு இருக்கேன். எப்படிக் கேக்கறது?"

வாலாஜாப் பக்கம் ஒரு கிராமத்தில் ஓய்வுபெற்ற சர்ச் உபதேசியார் ஒருவரிடம் கேட்டேன். முதலில் "நான் பக்தியான குடும்பத்தில் பிறந்தேன்" என்று தொடங்கினார். அது தகவல். குறுக்கிடாமல் இருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து, கோயில் மணிக்கயிற்றைத் தான் பிடித்துத் தொங்கியதையும், மணி ஆடியபோது கால் தரையைவிட்டு எழும்பியதையும், பயந்த கைமேல் அப்பாவின் கை வந்து இறுகியதையும் சொன்னார். சொல்லும்போது வலது கையை இடது கையால் பொத்திக்கொண்டார். எந்தக் காரியத்தையும் தனியாகச் செய்யாமல், எப்போதும் யாரையாவது கூட்டிச் சேர்த்துக்கொண்டே செய்தவர் என்று சபையார் சொல்லும் மனிதர் அவர்.

ஆகவே "உங்க முதல் ஞாபகம் என்ன?" என்று ஒரே கேள்வி போதும். பிறகு பேசாமல் இருங்கள். காட்சி வந்ததும் "அப்போ யார் யார் இருந்தாங்க, நீங்க என்ன பண்ணீங்க, எப்படி இருந்தது?" என்று மட்டும் கேளுங்கள். அர்த்தம் என்ன என்று அவரிடம் கேட்காதீர்கள், நீங்களும் சொல்லாதீர்கள். அவர் சொன்ன வார்த்தையை மாற்றாமல், வட்டார வழக்கோடு, அன்றே எழுதிவிடுங்கள். தேதி போடுங்கள். அதற்கு அடுத்த ஞாபகம், அதற்கும் அடுத்தது என்று மூன்றாவது கிடைத்தால் நல்லது. எழுதியதை அவரிடமே படித்துக் காட்டி, வெளியே சொல்ல அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு பிரதி அவர் பிள்ளைகள் கையில் இருக்கட்டும்.